எனக்கு விழுந்த பதினெட்டுக் கோடி!

சகோதரிகளே, இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக் கொண்டிருப்பவள் சாதாரணப் பெண்மணி அல்ல. சென்ற பதினைந்து நாட்களில் மட்டும் எனக்கு லண்டனில் ஒரு லாட்டரி விழுந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் காலமான ஓர் எண்ணெய் அதிபரின் சொத்துக்கு நான்தான் வாரிசாம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு வெளிநாட்டு விதவை, கணவர் விட்டுப் போன பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிட உலகம் பூராவும் நல்ல ஆத்மாவைத் தேடி, கடைசியில் என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பதினெட்டுக் கோடிக்கு மேல் வருகிறது.

ஆனாலும் பாருங்க, பால் கவரைக் கழுவிக் காயப்போட்டுப் பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வைக்கிற வேலையை நான் இன்னும் விடவில்லை!

லாட்டரிச் சீட்டு விற்பனையை நம் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்து விட்டார்கள். தெருமுனையில் சீட்டு தொங்கின காலத்திலேயே நான் ஒன்றுகூட வாங்கினதில்லை. வாங்காத சீட்டுக்கு விழுந்திருக்கும் பரிசு இது. அதுவும் கடிதம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? "டியர் சார்!" இரண்டு பெண்களைப் பெற்றவளை ஒரே வரியில் 'சார்' ஆக்கி விட்டார்கள்.

ஈமெயில் பெட்டியைத் திறந்தால் பத்துக்கு ஒன்றுதான் நமக்குத் தெரிந்தவர்களிடமிருந்து வந்திருக்கும். பாக்கியெல்லாம் முன்பின் தெரியாத பரோபகாரிகள். ஒருத்தர், என் தலைமுடி கொட்டுவதைப் பற்றி என் மாமியாரைவிட அதிகமாகக் கவலைப்படுகிறார். இன்னொருத்தர், கேட்காமலே ஐந்து லட்சம் கடன் 'சாங்ஷன்' செய்து வைத்துக் கொண்டு காத்திருக்கிறார். சொந்தத் தம்பியிடம் ஐயாயிரம் கைமாற்றுக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் இந்த உலகத்தின் அருமை!

இந்தக் குப்பைக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பாம்' என்று பெயர். கதை தெரிந்தால் சைவக்காரர்கள் முகம் சுளிப்பீர்கள். அமெரிக்காவில் 1937-ல் ஹார்மெல் என்கிற கம்பெனி டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்த பன்றி மாமிசத்தின் பெயர் அது. 1970-ல் பி.பி.சி. டெலிவிஷனில் 'மான்டி பைத்தான்' என்ற ஹாஸ்யக் குழு ஒரு நாடகம் போட்டது. ஹோட்டலில் எந்தப் பலகாரத்தைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். 'அது இல்லாம ஏதாவது குடும்மா' என்று ஒரு பெண்மணி கெஞ்சுவாள். பக்கத்து மேஜைக்காரர்களோ 'ஸ்பாம், ஸ்பாம்' என்று கோஷ்டி கானம் பாடி, பேச விடாமல் அடிப்பார்கள். வேண்டாம் என்றாலும் வந்து கொண்டே இருப்பது, நல்ல பேச்சைக் காதில் விழாமல் அடிப்பது... பெயர் பொருத்தம்தானே? ஆக, வெங்காயம்கூடச் சேர்க்காத வீடுகளிலும் தினம் டப்பா மாமிசம் வந்து இறங்குகிறது!

கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தபால் அனுப்ப 1971-ல் வழி செய்தவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர். விலாசத்தின் நடுவில் சுழித்துப் போடுகிறோமே '@' என்று, அதுவும் அவர் உபயம். ஏழு வருஷம்தான் மனுஷன் சும்மா இருந்தான். 1978 மே மாதம், கேரி துர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்காரர், 'எங்கள் புது மெஷினைப் பார்க்க வாருங்கள்' என்று சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தைத் தட்டி விட்டார். குப்பைக் கடிதத்தின் பிள்ளையார் சுழி அதுதான் என்று சொல்கிறார்கள். கண்டித்துப் பலர் எழுதினார்கள். ஆனால் வியாபாரமும் நடந்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். போதாதா? திட்டு வாங்கினாலும் சரக்கு விற்கும் என்று தெரிந்து விட்டால் எந்த வியாபாரி விடுவான்?

நமக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. போஸ்ட் கார்டு காலத்தில் ஒரு கடிதம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? 'இதை இருபத்தோரு பேருக்கு எழுதிப் போட்டால் பத்து நாளில் நல்ல செய்தி. கிழித்துப் போட்டால் விபரீதம் நேரும்' என்று. பயத்தில் எத்தனை பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினார்கள்! ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. இருபத்தோரு கார்டுக்குக் காசு வேண்டும், கை வலிக்கும். ஏழாவது கார்டிலேயே பக்தி குறைந்து விடும். இன்றைக்கு ஈமெயிலில் லட்சம் பேருக்கு அனுப்பவும் ஏறக்குறைய காசே ஆவதில்லை. லட்சத்தில் ஒருத்தர் விழுந்தாலும் அவனுக்குக் கட்டுப்படியாகி விடும். குப்பை பெருகிய ரகசியம் அவ்வளவுதான்.

'இரண்டே வருஷத்தில் ஸ்பாம் தொல்லை தீர்ந்து விடும்' என்று 2004-ல் சொன்னவர் சாமானியர் இல்லை, மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸ்! இருபது வருஷத்துக்கு மேல் ஆகி விட்டது. எங்கள் வீட்டுக் குழாய் ரிப்பேருக்கு வருகிற பிளம்பரும் 'ரெண்டே நாள்ல முடிச்சுடறேம்மா' என்றுதான் சொல்வார்.

ஆனால் ஒன்று. மெஷின்களும் சும்மா இல்லை. வருகிற குப்பையில் பெரும் பகுதியை நம் கண்ணில் காட்டாமலே ஒரு மூலைப் பெட்டியில் தள்ளி விடுகின்றன. எப்படித் தெரிகிறது என்று என் பெரிய பெண்ணைக் கேட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் பேயஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தாராம். அவர் விட்டுப் போன கணக்கை வைத்துத்தான் இந்த வடிகட்டும் வேலை ஆரம்பத்தில் சூடு பிடித்தது என்றாள்.

"கணக்கா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி!"

"நீ வெண்டைக்காய் வாங்கறதைப் போலத்தாம்மா. நுனி ஒடிஞ்சா மட்டும் போதுமா? நிறம் பார்க்கறே, சுணை பார்க்கறே, தடிமன் பார்க்கறே. எல்லாத்தையும் சேர்த்துத்தானே 'இது முத்தல்'னு தள்றே? மெஷினும் ஒவ்வொரு வார்த்தைக்கும் மார்க் போடும். 'பரிசு', 'உடனே', 'வங்கிக் கணக்கு' எல்லாம் ஒரு பக்கம். 'மாமா', 'நிச்சயதார்த்தம்' எல்லாம் இன்னொரு பக்கம். கூட்டிப் பார்த்து முத்தலைத் தள்ளிடும்."

நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் காய்காரியும் சில சமயம் பிஞ்சைத் தள்ளி விடுவாள் இல்லையா? என் ஓர்ப்படி தன் மகன் கல்யாணப் பத்திரிகையை, ஒரே சமயத்தில் இருநூறு பேருக்கு, கொட்டை கொட்டையான ஆங்கில எழுத்தில், கூடவே கனமான படத்தையும் இணைத்து அனுப்பினாள். மெஷின் அதைப் பார்த்து 'இதுவும் அந்த லண்டன் லாட்டரி ஜாதிதான்' என்று குப்பையில் போட்டு விட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு தற்செயலாக அகப்பட்டதோ, பிழைத்தோமோ! ஆகவே வாரத்துக்கு ஒரு தரம் அந்தக் குப்பைப் பெட்டியையும் எட்டிப் பாருங்கள். தவறி விழுந்த நல்ல கடிதத்தை 'ஸ்பாம் இல்லை' என்று எடுத்து வைத்தால், மெஷினும் கற்றுக் கொள்ளும்.

இன்னொரு காவல்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில் டிக்கெட் எடுக்கப் போனால், 'நான் ரோபோ இல்லை' என்று சத்தியம் பண்ணச் சொல்கிறதே கம்ப்யூட்டர், அதுதான். ஐந்து மணிக்கு எழுந்து, காபி, டிபன், சாப்பாடு, துணி, பாத்திரம் என்று இருபத்தெட்டு வருஷமாகச் சாவி கொடுத்த பொம்மை மாதிரி சுழல்கிறவளைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? என் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் விடுமா?

குப்பைக் கடிதக்காரர்கள் மெஷினை விட்டு ஆயிரக்கணக்கில் பொய்க் கணக்கு ஆரம்பித்து விடுகிறார்கள் என்பதால்தான் இந்தச் சோதனை. எழுத்துக்களைக் கோணல்மாணலாகக் காட்டி 'படி' என்று கேட்கும் பழக்கம் அப்படி வந்தது. 2007 வாக்கில் லூயிஸ் வான் ஆன் என்ற பேராசிரியர் ஒரு தந்திரம் செய்தார். மெஷினால் படிக்க முடியாத பழைய புத்தகங்களின் வார்த்தைகளை அங்கே காட்டினார். நாம் தட்டத் தட்ட, நமக்கே தெரியாமல் பழைய புத்தகங்கள் கம்ப்யூட்டருக்குள் ஏறின. உலகம் பூராவும் இனாமாக வேலை செய்து கொடுத்திருக்கிறோம்! சம்பளம் இல்லாத வேலை நமக்குப் புதுசா என்ன?

சரி, சிரிப்பு போதும். இனி நான் சொல்லப் போவதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள்.

இந்தக் கடிதங்களில் இத்தனை அபத்தமும் எழுத்துப் பிழையும் ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? 2012-ல் கார்மக் ஹெர்லி என்ற மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் இதையே ஆராய்ந்து எழுதினார். அபத்தமாக எழுதுவதே ஒரு சல்லடை என்பது அவர் கட்சி. சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே சிரித்து விட்டுப் போய் விடுவார்கள். பாக்கி நிற்கிறவர்களிடம் மட்டும் பேசினால் ஏமாற்றுகிறவனுக்கு நேரம் மிச்சம்.

ஆனால் அது அந்தக் காலத்து லண்டன் லாட்டரிக்குப் பொருந்தும். இப்போது வருகிறவர்கள் பிழையே இல்லாமல் நல்ல தமிழில் எழுதுகிறார்கள். எழுதிக் கொடுக்கவும் மெஷின் வந்தாயிற்று. அவர்கள் ஆசை காட்டுவதைக் குறைத்துக் கொண்டு அச்சம் காட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆசைக்கு மசியாதவர்களும் அச்சத்துக்கு மசிந்து விடுவார்கள்.

எங்கள் மாடி வீட்டில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். பால் கணக்கில் ஒரு ரூபாய் விட மாட்டார். அவர் போனுக்கு ஒரு சாயங்காலம் செய்தி வந்தது. 'போன மாத பில் பதிவாகவில்லை. இன்றிரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த அதிகாரிக்குப் பேசவும்.' வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கும் கணவர். அவருக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பேசினார். அந்த 'அதிகாரி' மரியாதையாக, 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டே ஓர் 'ஆப்'பைப் போனில் ஏற்றச் சொன்னான். 'பத்தே பத்து ரூபாய் கட்டுங்க, பதிவாயிடும்' என்றான். அந்த ஆப் போனின் திரையை அப்படியே அவனுக்குக் காட்டிக் கொண்டிருந்தது. பத்து ரூபாய் கட்டும்போது தட்டின ரகசிய எண் அவன் கண் முன்னால். அரை மணியில் நாற்பத்தெட்டாயிரம் போய் விட்டது.

பணம் போனதைவிட என்னை உலுக்கியது அடுத்தது. டீச்சரம்மா நான்கு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கீழே இறங்கவில்லை. கோலம் போட வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று ரசம் எடுத்துக் கொண்டு போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

"உடனே ஏன் சொல்லலைம்மா?" என்று கேட்டேன்.

"எப்படி சொல்றது? பையன் என்ன சொல்லுவான்? 'படிச்சவதானே, அறிவில்லையா'ன்னு கேப்பான். இனிமே போனையும் பாங்க் புஸ்தகத்தையும் என்கிட்டேர்ந்து வாங்கி வெச்சுப்பான். பணம் போனாப் போறது, அது போயிடக் கூடாதேன்னு இருந்தேன்."

சகோதரிகளே, அந்த நான்கு நாளில்தான் பணம் கை மாறி, கணக்கு மாறி, எட்டாத தூரம் போய் விட்டது. புகார் கொடுத்தோம். இந்த நிமிஷம் வரை ஒரு பைசா திரும்பவில்லை. திருடன் எடுத்தது அரை மணி நேரம். அவனுக்கு நான்கு நாள் அவகாசம் கொடுத்தது 'வீட்டில் திட்டுவார்களே' என்கிற வெட்கம்.

எனக்கு ஒரு கேள்வி. 1990-களில் வட்டியை வாரித் தருகிறேன் என்ற ஃபைனான்ஸ் கம்பெனிகளில் நம் ஊர் ஆண்பிள்ளைகள் கொட்டாத பணமா? அந்தக் கூத்தைத் தாங்க முடியாமல்தானே முதலீட்டாளர்களைக் காப்பாற்ற 1997-ல் தனிச் சட்டமே போட்டது தமிழ்நாடு அரசு? அப்புறம் தேக்கு மரம் வந்தது. 2012-ல் ஈமு கோழி நம்பினவர்களை நட்டாற்றில் விட்டு ஓடியது. அதற்கெல்லாம் வீட்டில் என்ன பெயர்? 'முதலீட்டில் நஷ்டம்.' அதையே ஒரு பெண் போனில் இழந்தால்? 'ஏமாந்துட்டா!' இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில்தான் டீச்சரம்மாவின் நான்கு நாள் போயிற்று.

ஆகவே வீட்டில் இருக்கிற ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அம்மாவோ பாட்டியோ 'இப்படி ஆயிடுச்சுப்பா' என்று வந்தால், முதல் வார்த்தை 'அறிவில்லையா' என்று இருக்கக் கூடாது. 'எத்தனை மணிக்கு?' என்று இருக்கட்டும். ஏமாற்றுவதையே தொழிலாக வைத்து, நாள் பூரா ஒத்திகை பார்த்து வருகிறவன் அவன். அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டு வந்து போனை எடுக்கிறவள் இவள். போட்டி சமமா?

இனி, முந்தானையில் முடிந்து கொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

* பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரமோ, அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

* கையோடு உங்கள் வங்கிக்கும் சொல்லிப் பதிவு எண் வாங்கிக் கொள்ளுங்கள். ரகசிய எண்ணை நாமே கொடுத்து விட்டிருந்தாலும், வங்கிக்குச் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவிலேயே இருக்கிறது.

* பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. உண்டியலில் காசு போடச் சாவி எதற்கு? எடுக்கத்தானே சாவி! 'பணம் அனுப்பறேன், பின் நம்பரைத் தட்டுங்க' என்றால் அவன் எடுக்க வருகிறான்.

* 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு மிரட்டினால் போனை வைத்து விடுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார்.

* முன்பின் தெரியாத குப்பைக் கடிதத்தில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற பொத்தானையும் அமுக்க வேண்டாம். 'இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறது' என்று நாமே சொன்ன மாதிரி ஆகி விடும். பேசாமல் 'ஸ்பாம்' என்று குறித்துத் தள்ளுங்கள்.

* எந்தச் செய்தி 'உடனே, உடனே' என்று விரட்டுகிறதோ, அதற்குப் பத்து நிமிஷம் கழித்துப் பதில். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியிடமாவது வாய் விட்டுச் சொல்லி விடுங்கள். மின்சாரம் பற்றிச் சந்தேகமா? பழைய பில்லில் அச்சடித்திருக்கிற எண்ணில் நீங்களே கேளுங்கள்.

டீச்சரம்மாவின் போனை மகன் வாங்கி வைத்துக் கொள்ளவில்லை. ஊரிலிருந்து வந்தவனிடம் அவரே முதலில் எல்லாவற்றையும் சொல்லி விட்டார். இப்போது சாயங்காலம் நான்கு மணிக்கு மொட்டை மாடியில் வடாம் எடுக்கப் போகிறபோது, நாங்கள் ஏழெட்டுப் பேர் அன்றன்று வந்த கடிதங்களை வாய் விட்டுப் படிக்கிறோம். மார்க் போடுவது டீச்சரம்மாதான். சிவப்புப் பேனாவையே கையில் எடுத்து விட்டார்! போன வாரம் எதிர் வீட்டு மருமகளுக்கு 'பார்சல் நிற்கிறது, ஐந்து ரூபாய் கட்டு' என்று வந்ததை, அவள் தொடுவதற்கு முன்பே பிடித்துச் சுழி போட்டதும் அவர்தான்.

என் பதினெட்டுக் கோடி இன்னும் லண்டனிலேயேதான் இருக்கிறது. வந்தால் உங்களுக்குச் சொல்லாமலா? இப்போதைக்கு, மழை வருகிற மாதிரி இருக்கிறது. வடாத்தை எடுக்கணும். அடுத்த இதழில் பார்ப்போமா?